பச்ச உடம்புக்கு மருந்து

மயக்க டாக்டரம்மா இந்தா வாராங்க அந்தா வாராங்கன்னு காலையில எட்டு மணியிலேருந்து சொல்லுதாங்க, மணி பதினொண்ணரை ஆவுது, வந்தபாட்டைக் காணோம். வரட்டும். வராமலே போகட்டும். ரெண்டுல எது வேணும்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. இடது கால நீட்டிவிட்டு, அதுல மணல்பையைக் கட்டிக் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டிருக்காங்க, அது பாட்டுக்கு லேசா ஆடுது, ஆடும்போதெல்லாம் இடுப்புக்குள்ள என்னமோ ஒண்ணு உரசுது, உரசுறது நம்ம எலும்புதான்னு நெனைக்கக்கூடாதுன்னு பாக்கேன், நெனைக்காம இருக்க முடியலை, மல்லாந்து கெடக்கிறவளுக்கு நெனைப்பைத் தவிர வேற என்ன வேலை. கை ரெண்டையும் போர்வைக்குள்ள வெச்சிருக்கேன். இந்த வேக்காட்டுல எவளாவது கழுத்து வரைக்கும் போர்த்துவாளா. பக்கத்துக் கட்டில் வேலம்மா ரெண்டு தடவை கேட்டுட்டா, குளிருதாக்கான்னு. ஆமா குளிருதுன்னேன். குளிரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கை நடுங்குது. நேத்து மத்தியானம் வெரல் நுனியில தொடங்குச்சு, இப்ப முழங்கை வரைக்கும் வந்துட்டு. நாளைக் காலையில ஆப்பரேசன். கம்பியும் திருகாணியும் வெச்சு முடுக்கப் போறாங்களாம். அதுக்கு முந்தி மயக்க டாக்டரம்மா வந்து கேக்கவேண்டியதைக் கேப்பாங்க, எதையும் மறைக்கக்கூடாது, மறைச்சா மேசை மேலயே ஏடாகூடமாயிரும்னு சிஸ்டர் நேத்தே சொல்லிட்டுப் போச்சு. மறைக்கக்கூடாதாம். அது என்கிட்ட என்ன கேட்டுச்சு? வயசு கேட்டுச்சு, அம்பத்தொண்ணு. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, தூரம் நின்னு எத்தனை வருசம், பிள்ளை எத்தனை, எல்லாம் கேட்டுச்சு. ஒரு இடத்துல வந்து பேனா நின்னுச்சு, என் மொகத்தைப் பாத்துச்சு, கழுத்துல கெடந்த ஜெபமாலையைப் பாத்துச்சு, தானாவே 'இல்லை'ன்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டு. எனக்கு வாசிக்கத் தெரியும், தலைகீழா இருந்தாலும் வாசிப்பேன். குடிப்பழக்கம்: இல்லை. அடிப் பாவி மகளே, வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா. கேட்டிருந்தா மட்டும் நான் அப்படியே சொல்லிக் கிழிச்சிருப்பனாக்கும். மேல சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டுச் சும்மா கெடந்தேன்.

விழுந்தேன்னு சொல்லிக்கிடவே வெக்கமா இருக்கு. நேத்துக் காலையில பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்குப் போனேன், நிலைப்படியில பெருவெரல் தட்டுச்சு, பக்கவாட்டுல சாஞ்சேன், அவ்வளவுதான். மாடியிலேருந்து விழலை, பஸ்ஸு மோதலை. அப்படி விழுந்தவ முட்டியைத் தேய்ச்சு விட்டுக்கிட்டு எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போவா. எனக்கு உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு, காஞ்ச முருங்கைக் கொப்பு ஒடிஞ்ச மாதிரி, அதோட இந்தக் கால் என் கால் இல்லைன்னு ஆயிட்டு. எலும்பு டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தார். அம்பத்தொரு வயசு எலும்பு மாதிரி இல்லையே, எம்பது வயசுக்காரங்களுக்குல்லா இப்படி இருக்கும், உள்ள பூராவும் அரிச்சுப் போயிருக்குன்னார். சும்மா விழுந்ததுக்கா இப்படி ஒடிஞ்சுதுன்னு கேட்டவர் என்னைப் பாக்கலை, கால்மாட்டுல நின்ன அவுகளைப் பாத்தார். அவுகன்னா என் வீட்டுக்காரர், தொபியாஸ். ஐஸ் கம்பெனியில முப்பது வருசம் கட்டி தூக்கின ஆளு, தோளும் கையும் பாக்க முரடாத்தான் இருக்கும், உள்ள ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுசன். அடிச்சீங்களா, தள்ளிவிட்டீங்களான்னு டாக்டர் நேராவே கேட்டார். இல்ல சார்னாக. குடிப்பீங்களான்னார். அவுக வாயைத் திறக்கலை. எம்மக ஜெனோவா திறந்தா. குடிப்பார் சார், எனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலேருந்து குடிப்பார்னா. இல்ல சார், அவுக என்னைத் தொடக்கூட இல்ல, நானாத்தான் விழுந்தேன்னு நான் கத்தினேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பாத்தார் பாருங்க. அடி வாங்கிட்டு வந்து படியில வழுக்கிட்டேன்னு சொல்லுற எத்தனை பொம்பளைகளை அந்த மனுசன் பாத்திருப்பாரோ, அந்த வரிசையில என்னையும் நிறுத்திட்டார். அவுக அப்பவும் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டே நின்னாக. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, டாக்டர் மேல இல்லை, அவுக மேல.

எல்லாம் எங்க மாமியா புண்ணியம். செத்தவங்களைப் பேசக்கூடாதும்பாங்க, நான் பேசுவேன். ஜெனோவா பெறந்து ஆறாம் நாளு, சுடச்சுட வேதுத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, வயித்தைச் சேலையால இறுக்கிக் கட்டி உக்கார வெச்சிட்டு, ஒரு கிளாஸுல நாட்டுக்கோழி முட்டையை ஒடைச்சு ஊத்தி, மேல பிராந்தியை விட்டு, கரண்டியால அடிச்சு நுரைக்க நுரைக்கக் கொண்டாந்து நீட்டுனா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா விடுட்டின்னா. எனக்கு அந்த வாடைக்கே கொமட்டிக்கிட்டு வந்துச்சு. எங்கப்பாகிட்ட ஞாயித்துக்கெழமை அடிக்கிற வாடை, அதை நான் குடிக்கணுமான்னு அழுதேன். பச்ச உடம்புட்டி, பிள்ளை பெத்தவளுக்கு எலும்பெல்லாம் கழண்டு கெடக்கும், இது உள்ள போனாத்தான் கூடி இறுகும், இப்ப விட்டா நாப்பது வயசுல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்னா. அன்னைக்கு வாந்தி எடுத்தேன். மறுநாளு பாதி நின்னுச்சு. நாலாம் நாளு முழுசும் நின்னுச்சு. எங்க தெருவுல பிள்ளை பெத்த எல்லாரும் குடிச்சதுதான், மொத்தம் நாப்பத்தோரு நாளு, அது முடிஞ்சதும் கிளாஸைக் கழுவிக் கவுத்திட்டு அவ அவ வேலையைப் பாக்கப் போயிட்டாளுக. நான் நாப்பத்திரெண்டாம் நாளு சாயங்காலம் வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்தேன். பிள்ளை அழுதா எரிச்சலா இருந்துச்சு, அழாம இருந்தாலும் எரிச்சலா இருந்துச்சு. இடுப்பு வலிக்கின்னேன். பொய்யில்லை, வலிச்சுது. இன்னொரு பாட்டில் வாங்கியாங்கன்னு அவுககிட்டச் சொன்னேன், அவுகளும் போயி வாங்கியாந்தாக. எலும்பு இறுகணும்லா. அது இறுகுறதுக்குத்தான் இருவத்தாறு வருசம் குடிச்சிருக்கேன், நல்லாத்தான் இறுகியிருக்கு, மணல்பை கட்டித் தொங்கவிடுற அளவுக்கு. இந்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோயி மாமியா கல்லறையில விரிச்சு வெச்சு, பாத்துக்கோ ஒன் மருந்து பண்ணுன வேலையைன்னு கேக்கணும். ஆனா அவ பாவம் என்ன கண்டா, நாப்பத்தோரு நாளுன்னுதான் அவ சொன்னா. மிச்சம் உள்ள நாளெல்லாம் அவ சொல்லலை.

சுவத்துல எறும்பு போகுது. சாரையா, கறுப்பா, ஜன்னல் மூலையிலேருந்து இறங்கி வேலம்மா கட்டில் பக்கமாப் போகுது. கண்ணை மூடித் திறந்தா இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவருதான். திரும்பவும் மூடித் திறக்கப் பயமா இருக்கு. ஒன்பது வருசத்துக்கு முந்தி ஒரு தடவை இப்படித்தான் பாத்தேன். அப்ப அவுக மொத மொதலா வெறுங்கையோட வீட்டுக்கு வந்தாக. இன்னைக்கு வாங்கலைன்னாக. மறுநாளும் வாங்கலை. போதும்ட்டி, விட்டுருன்னு சொல்லக்கூட இல்லை, வாங்கலைன்னு மட்டும் சொன்னாக. மூணாம் நாளு நான் கொழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சேன், பாயில விழுந்து வெட வெடன்னு ஆடினேன், எறும்பு எறும்புன்னு கத்தினேனாம். மனுசன் பயந்துட்டாக. பொண்டாட்டி செத்துப் போயிருவான்னு நெனைச்சு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனாக, வாங்கியாந்து கிளாஸை என் வாயில வெச்சு அவுகளே குடிக்க வெச்சாக. பச்சப் பிள்ளைக்குச் சங்குல பால் புகட்டுற மாதிரி. அதுக்குப் பொறவு அந்தப் பேச்சே எங்களுக்குள்ள கெடையாது. சாயங்காலம் ஆறரைக்கு முந்தி பாட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால வந்து இருக்கும், யாரு வெச்சா, யாரு எடுத்தான்னு ஒரு வார்த்தை இருக்காது. ஏன்யா, நீ நல்லவனா இருந்து என்னத்தைக் கிழிச்ச. டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடியிருக்கலாம்லா. ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்லா. அறைய மாட்டாக. அறைஞ்சவுகன்னு பேரு மட்டும் வாங்குவாக. பிராந்திக் கடையில நிக்கிறதை ஊரு பாக்கும்லா, தினமும் மடியில எதையோ மறைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போற ஆம்பளையை ஊரு என்னன்னு சொல்லும், குடிகாரன்னுதான் சொல்லும். வீட்டுல வாடை அடிச்சா அவுக வாடை. சொட்டுக்கூட நாக்குல படாத மனுசனுக்கு எங்க தெருவுல பேரு தண்ணிவண்டி தொபியாஸ்.

இதுல நான் பண்ணுன கூத்து ஒண்ணு உண்டு, அதை நெனைச்சா இப்பக்கூட சிரிப்பு வருது, சிரிச்சா இடுப்புல குத்துது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருந்த பிராந்திக் கடையை எடுக்கணும்னு எங்க கோயில் அன்பியத்துப் பொம்பளைக எல்லாரும் மறியல் பண்ணப் போனோம். யாரு முன்னால நிக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, எல்லாரும் என்னைத்தான் கைகாட்டுனாளுக. பெர்னதெத்தக்கா நிக்கட்டும், அவதான் புருசனால சீரழிஞ்சவ, அவ பேசினாத்தான் எடுபடும்னாளுக. நின்னேன். மனுவை நான்தான் வாசிச்சேன். குடியால் எங்கள் குடும்பங்கள் அழிகின்றனன்னு வாசிக்கும்போது அழுதுட்டேன், நடிப்பு இல்லை, நெசமாவே அழுதேன். அவளுகளும் சேந்து அழுதாளுக. அவுக அந்த வெயிலுல எங்களுக்குத் தண்ணிக் கேன் தூக்கிக்கிட்டு வந்து வெச்சிட்டு ஓரமா நின்னாக, அதுக்கும் ஒருத்தி, பாருடி வெக்கத்தைன்னு காறித் துப்பினா. கடையை எடுத்துட்டாங்க. எனக்குச் சால்வை போத்துனாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அவுக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிள் மிதிச்சுப் போயி வாங்கியாந்தாக, பக்கத்துக் கடையைத்தான் நான் மூட வெச்சிட்டேனே. வேர்த்து விறுவிறுத்து வந்து டிரம்முக்குப் பின்னால வெச்சிட்டு, சால்வை நல்லாருக்குன்னாக. கிண்டல் பண்ணத் தெரியாத மனுசன், நெசமாத்தான் சொன்னாக. நான் அந்தச் சால்வையை மடிச்சுப் பீரோவுல வெச்சிட்டுக் கிளாஸை எடுத்தேன்.

எம்மக அவுகளை வெறுக்கிறது என் ஒரு வார்த்தையில வந்த வினைன்னு எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் ஊரு தானாச் சொன்னது, நான் சும்மா இருந்தேன், சும்மா இருந்ததும் பாவம்தான், ஆனா இந்த ஒண்ணு நான் வாயால சொன்னது. ஜெனோவாவுக்கு ஒன்பது வயசு. அரிசி அளக்கப் போனவ பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா. யம்மா, இது யாரோடதுன்னா. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். மருந்துன்னு சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். அப்பாவோடதுன்னு சொன்னேன். சொல்லிட்டு நிமிந்து பாத்தா அவுக நடையில நிக்காக, வேலைக்குப் போயிட்டு அப்பத்தான் செருப்பைக் கழத்துதாக. கேட்டுட்டாக. நான் அவுகளைப் பாத்தேன், அவுக பிள்ளையைப் பாத்தாக, பிள்ளை பாட்டிலைக் கீழ வெச்சிட்டு அவுகளைத் தாண்டி வெளிய ஓடிட்டு. அவுக கழத்தின செருப்பைத் திரும்ப மாட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வந்தாக. அன்னையிலேருந்து அவ அவுக மடியில உக்காந்ததில்லை. அவ கல்யாணத்துல கையைப் பிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போனது எந்தம்பி. குடிகாரன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் கோயிலுக்குள்ள நடக்க மாட்டேன்னு சொல்லிட்டா. அவுக புதுச் சட்டை போட்டுக்கிட்டுக் கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்தாக. அன்னைக்குக் காலையில நான் ரெண்டு தடவை குடிச்சிருந்தேன், யாருக்கும் தெரியலை, மகளைப் பிரியப்போற தாயி, கண்ணு செவந்துதானே இருக்கும்.

அடுத்த வார்டு ஆம்பளைங்க வார்டு. நடுவுல சுவரு இல்லை, பலகைத் தட்டிதான். எலும்பு டாக்டர் அங்க வந்திருக்கார், யாரையோ போட்டு வாங்குதார், குரல் தெளிவாக் கேக்குது. குடிச்சா ஈரல் மட்டும்தான் கெடும்னு நெனைச்சியாய்யாங்கார். எலும்பு தினமும் கொஞ்சம் அழியும், தினமும் கொஞ்சம் கட்டும், உயிருள்ள சாமான் அது, நீ ஊத்துற சாராயம் கட்டுற வேலையை நிறுத்திரும், அழியிற வேலை மட்டும் நடக்கும்ங்கார். சுண்ணாம்புச் சத்து உடம்புல ஒட்டாது, எத்தனை மாத்திரை முழுங்கினாலும் வீண், இடுப்புப் பந்துக்குப் போற ரத்தம் நின்னு பந்தே செத்துப்போனவனையும் பாத்திருக்கேன், ஆப்பரேசன் பண்ணிட்டுப் போயும் குடிச்சீன்னா ஒடிஞ்சது கூடாது, நான் போடுற திருகாணி கழண்டு கையில வந்துரும்ங்கார். அந்த ஆளு சரி சார், சரி சார்ங்கான். அவனுக்குச் சொல்ல ஆளு இருக்கு. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி காதைத் தீட்டிக்கிட்டுக் கெடக்கான்னு டாக்டருக்குத் தெரியுமா. ரெண்டு வருசமா மூட்டு வலிக்கின்னு போயி நான் வாங்கி முழுங்கின சுண்ணாம்பு மாத்திரை கொஞ்சமா நஞ்சமா. தூரம் நின்னுட்டுல்லா, பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும், பால் குடிங்கம்மாம்பாங்க. ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேக்கலை. கேக்காத கேள்விக்கு யாராவது பதில் சொல்லுவாங்களா. திருகாணி கழண்டு வந்துரும்னா அப்புறம் நான் நடக்க மாட்டேனா. கட்டிலோட கெடந்தா யாரு அள்ளிப்போடுவா. அவுகதான். அதையும் வாயைத் திறக்காம அள்ளிப்போடுவாக. ஆறரை மணிக்குக் கிளாஸையும் கொண்டாந்து குடுப்பாக. அதை நெனைச்சதும் உடம்பெல்லாம் வேர்த்துட்டு.

ஜெனோவா வந்துட்டா. ஒரு கையில சாப்பாட்டுக் கூடை, தோள்ல பிள்ளை. மூணு மாசப் பிள்ளையை வார்டுக்குள்ள கொண்டாரக்கூடாதுன்னு வாசல்ல சத்தம் போட்டிருக்காங்க, பால்குடிக்கிற பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டு வரன்னு அவ ஒரு சத்தம் போட்டுட்டு வந்துட்டா. பின்னாலயே அவுக, காலையில மாத்திரை வாங்கிட்டு வாரேன்னு போனவுக, ஜன்னல் பக்கமாப் போயி ஒதுங்கி நிக்காக. இவ பிரசவத்துக்கும் நான் முட்டையும் பிராந்தியும் அடிச்சுக் குடுத்தேன், குடுத்தனே, அந்தக் கையை வெட்டணும். அவ கிளாஸைத் தட்டிவிட்டுட்டா. இந்த வீட்டுல இந்த வாடையால பட்டதே போதும்மான்னா. சிந்தினது போக மிச்சத்தை அடுப்படியில நின்னு நான் குடிச்சேன். பிள்ளையை என் பக்கத்துல கெடத்தினா, என் தோள்ல மோதிக்கிட்டு அது காலை உதைக்கி. மேல பட்ட அந்தச் சின்னக் காலு, அதுலயும் எலும்பு இருக்கும்லா, கோழிக்குஞ்சு எலும்பாட்டம். அவுக ஜன்னல்லேருந்து ரெண்டு எட்டு முன்னால வந்து பிள்ளையை எட்டிப் பாத்தாக, சும்மா பாத்தாக. ஜெனோவா சட்டுன்னு பிள்ளைக்கும் அவுகளுக்கும் நடுவுல வந்து உக்காந்துட்டா. என் காதுகிட்டக் குனிஞ்சு, நான் இல்லாத நேரம் அவர் கையில பிள்ளையைக் குடுத்திராதீங்கம்மா, குடிக்கிற கை, கீழ போட்டுருவார்னா. அவுகளுக்குக் கேட்டிருக்கும். கேக்கணும்னுதான் அவளும் சொன்னா.

கீழ போட்டுருவாராம். நேத்துக் காலையில பிள்ளை யாரு தோள்ல இருந்துச்சு? பேறுகாலத்துக்கு வந்தவ இன்னும் எங்க வீட்டுலதான இருக்கா, ராத்திரி பிள்ளை அழுதுச்சுன்னு விடியக்காலத்துல நான்தான் வாங்கி இடது தோள்ல போட்டுக்கிட்டு நடையில நடந்தேன். பால்காரன் மணி அடிச்சான். தொட்டில்ல போடுவமா, அப்படியே போயி எடுப்பமான்னு ஒரு நிமிசம் நின்னேன். சும்மா, ஒரு யோசனையும் இல்லாம, தொட்டில்ல போட்டேன். போடாம போயிருந்தா? அந்த நிலைப்படி, அந்தப் பக்கம், பிள்ளை இருந்த அதே இடது பக்கமாத்தான் விழுந்தேன். என் பாரம் முழுசும், அரிச்சுப்போன இந்த எலும்போட பாரம் முழுசும், அது மேல. நேத்துலேருந்து இதை நெனைக்கக்கூடாது நெனைக்கக்கூடாதுன்னு தள்ளித் தள்ளி விடுதேன், மணல்பை ஆடும்போதெல்லாம் திரும்ப வருது. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் குடிச்சிட்டு, கிராம்பை மென்னுக்கிட்டு இந்தப் பிள்ளையைத் தூக்கி உம்மா குடுத்தவ நான். பாட்டி கை மெத்தைன்னு இவ சொல்லிச் சிரிச்சா. இன்னும் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தா நான் என்ன பொம்பளை. ஆனா சொல்லிட்டா இவ என்னை எப்படிப் பாப்பா, அவுகளைப் பாக்கிற மாதிரித்தான பாப்பா. பதினேழு வருசமா அந்தப் பார்வையை அவுக வாங்குனாக. எனக்கு ஒரு நாளு வாங்க மனசில்லை. பயமா இருக்கு. மாதாவே, பயமா இருக்கு.

மயக்க டாக்டரம்மா வந்துட்டாங்க. சின்னப் பிள்ளைதான், எம்மகளை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். அட்டையை எடுத்துக்கிட்டு முன்னால ஏதும் ஆப்பரேசன் நடந்துதா, பல்லு ஏதும் ஆடுதா, மாடி ஏறினா மூச்சு வாங்குமான்னு கேட்டாங்க. சொன்னேன். ஆஸ்துமா உண்டான்னாங்க. இல்லைன்னேன். பிறகு அட்டையைப் பாத்து, பழக்கம் ஒண்ணும் இல்லைன்னு அவங்களாவே வாசிச்சுக்கிட்டு அடுத்த தாளைத் திருப்பினாங்க.

"இருக்கு டாக்டர்."

"என்னம்மா இருக்கு?"

"குடிப்பேன். பிராந்தி. தினமும் குடிப்பேன்."

வேலம்மா தலையைத் தூக்கி எட்டிப் பாத்தா. ஜெனோவா என்னம்மா சொல்லுதீங்கன்னு கேக்க வாயெடுத்தா, அதுக்குள்ள அவுக ஜன்னலை விட்டு வந்துட்டாக. இத்தனை வருசத்துல அவுக இவ்வளவு வேகமா வந்து நான் பாத்ததில்லை.

"வலியில ஒளறுதா டாக்டர். குடிக்கிறது நான்தான். எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

இதைச் சொல்ல மட்டும் வாய் வருதுன்னு ஜெனோவா முணுமுணுத்தா. டாக்டரம்மா அவுகளை ஒரு தடவை ஏற இறங்கப் பாத்தாங்க, அந்தத் தோளு, அந்தச் செவந்த கண்ணு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணு, நம்பிட்டாங்க. ஒரு நொடிதான், ஆனா நம்பினதை நான் பாத்தேன். என்னைப் பாத்துச் சிரிச்சு, பயப்படாதீங்கம்மா, ஆப்பரேசன்னா எல்லாருக்கும் ஒரு படபடப்பு இருக்கும், கையைக் குடுங்கன்னாங்க. நாடி பாக்கப் பிடிச்ச கையை அவங்க விடலை. என் கையோட சேந்து அவங்க கையும் ஆடுச்சு. இன்னொரு கையையும் நீட்டச் சொன்னாங்க. கட்டில்ல சாஞ்சு உக்காந்து, குரலைத் தாழ்த்திக்கிட்டு, கடைசியா எப்பக் குடிச்சீங்கன்னு என்கிட்ட மட்டும் கேட்டாங்க. ஞாயித்துக்கெழமை சாயங்காலம், ஆறரைக்குன்னேன். எவ்வளவுன்னாங்க. ஒரு குவாட்டர், சில நாளு அதுக்கு மேலன்னேன். எத்தனை வருசமான்னாங்க. ஜெனோவாவைக் காட்டி, இவ வயசுன்னேன். பாட்டில் வாங்கியாந்து தந்தது மட்டும்தான் அவுக, இவ ஒன்பது வயசுல கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன், அப்பாவோடதுன்னு சொன்னது பொய்யின்னும் சொன்னேன். அது டாக்டருக்கு வேண்டாத சங்கதிதான். இருந்தாலும் இன்னைக்கு விட்டா எனக்கு வாய் வராது. டாக்டரம்மா திட்டலை. 'இல்லை'ன்னு இருந்ததை அடிச்சிட்டு மேல எழுதினாங்க. நாளைக்கு ஆப்பரேசன் கெடையாது, இந்த நடுக்கத்தோட மயக்கம் குடுத்தா உயிருக்கே ஆபத்து, நாலஞ்சு நாளு மருந்து குடுத்து இறக்கிட்டுத்தான் பண்ணணும், எலும்பு ஏன் இப்படி ஆச்சுன்னு இப்பத்தான் தெரியுதுன்னு சொல்லி, ஊசி எழுதிக் குடுத்து, சிஸ்டரை விரட்டிக்கிட்டே போயிட்டாங்க.

ஜெனோவா அசையலை. பிள்ளை அவ முந்தானையைப் பிடிச்சு இழுக்குது, அவ குனிஞ்சுகூடப் பாக்கலை. என்னை வையப் போறான்னு நெனைச்சேன், வைஞ்சா நல்லா இருக்கும்னு நெனைச்சேன். அவ என்னைப் பாக்கவே இல்லை. மெதுவாத் திரும்பி அவுகளைப் பாத்தா.

"அப்பா, அப்ப நீங்க குடிச்சதே இல்லையா?"

அவுக என்னை ஒரு தடவை பாத்தாக, சொல்லட்டுமான்னு கேக்கிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்தப்ப, திருடி மாட்டிக்கிட்டவுக மாதிரித் தலையைக் குனிஞ்சு, கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காக.

"இல்லம்மா"ன்னாக. "ஒரு தடவகூட இல்லை. மன்னிச்சிரும்மா."